கேட்டவர் யார், தீர்த்தவர் யார்?

2012 ஜூன் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் பத்து சிமெண்ட் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் சுமார் 6,307 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூடிப் பேசி உற்பத்தியைக் குறைத்தார்கள், விலையை ஏற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2010-ல் கட்டுமானத் தொழில் செய்பவர்களின் சங்கம் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணை அது. ஏசிசி, அம்புஜா, அல்ட்ராடெக் போன்ற பெரிய பெயர்களோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு நிறுவனங்களும் பட்டியலில் இருந்தன. இந்தியா சிமெண்ட்ஸுக்கு 187.48 கோடி, அப்போது மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் இருந்த ராம்கோவுக்கு 258.63 கோடி. கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் எவருக்கும் அந்தச் செய்தி நிம்மதி தந்திருக்கும்.

மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை முழுவதுமாக ரத்து செய்தது. நிறுவனங்கள் குற்றம் செய்யவில்லை என்று அது சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் வழக்கறிஞர்கள் இறுதி வாதம் செய்த நாட்களில் ஆணையத்தின் தலைவர் அமர்வில் இல்லை. ஆனால் ஆணையில் அவர் கையெழுத்து இருக்கிறது. வாதத்தைக் கேட்காதவர் தீர்ப்பில் பங்கேற்றது இயற்கை நீதிக்கு முரண் என்பதுதான் காரணம். மறுபடியும் கேட்டு முடிவெடுங்கள் என்று வழக்கு ஆணையத்துக்கே திரும்பியது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மீண்டும் அபராதம் போட்டது. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்று, அபராதத்தில் பத்து விழுக்காட்டைக் கட்டச் சொன்னது. புகார் கொடுத்து எட்டு ஆண்டுகள் கடந்தும் வழக்கு முடியவில்லை.

இதைக் கேட்கும் எவருக்கும் முதலில் கோபம்தான் வரும். ஒரு கையெழுத்தைக் காட்டி ஆறாயிரம் கோடியை நிறுத்தி வைக்கும் வேலையா வழக்கறிஞர் வேலை? அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வழக்கறிஞரின் மேசை அல்ல. போட்டிச் சட்டம், ஒழுங்குமுறைச் சட்டம், வணிகத் தடைச் சட்டம் என்ற மூன்றையும் சேர்த்துத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் பிரஸ்ஸல்ஸ், லண்டன், வாஷிங்டன் நகரங்களில் ஏராளம்; டெல்லியிலும் மும்பையிலும் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய வேலை உண்மையில் எதில் அடங்கியிருக்கிறது என்று பார்த்தால் அந்தக் கையெழுத்தின் எடை புரியும்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுக்கும் தொடர்பில்லை. போட்டிச் சட்டம் சந்தையைப் பற்றியது. நிறுவனங்கள் விலையைக் கூடிப் பேசுவதையும் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. ஒழுங்குமுறைச் சட்டம் செபி, டிராய், ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் விதிகளைப் பற்றியது. வணிகத் தடைச் சட்டம் வெளியுறவுக் கொள்கையின் பிள்ளை; எந்த நாட்டோடு, எந்த மனிதரோடு வியாபாரம் செய்யக் கூடாது என்று அரசுகள் போடும் பட்டியல்களில் வாழ்கிறது. ஆனால் ஒரு பெரிய சட்ட அலுவலகத்தில் இம்மூன்றும் ஒரே பிரிவில் இருக்கும். காரணம் எளிது. கொலை வழக்கில் காவல்துறை புலனாய்வு செய்யும், அரசு வழக்கறிஞர் வாதாடுவார், தீர்ப்பளிப்பவர் இருவருக்கும் சம்பந்தமில்லாத நீதிபதி. இந்த மூன்று துறைகளில் முதல் கட்டத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு நீதிபதி இல்லை. விசாரிப்பதும் குற்றம் சாட்டுவதும் தண்டிப்பதும் ஒரே அமைப்பு. ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிப் பிரிவு அப்படித்தான். இந்தியாவில் தலைமை இயக்குநர் என்ற தனி அதிகாரி விசாரித்து அறிக்கை தருகிறார். ஆனால் அவர் விசாரிப்பதும் ஆணையம் சொல்லித்தான். அமெரிக்கக் கருவூலத்தின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒருவரைத் தடைப் பட்டியலில் சேர்க்க நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

இப்படி அமைத்ததற்கு நல்ல காரணமும் உண்டு. சந்தையின் வேகத்துக்கும் பொருளாதாரக் கணக்குகளுக்கும் வழக்கமான நீதிமன்றம் ஈடுகொடுக்காது. 1969-ன் ஏகபோகத் தடைச் சட்டம் பல்லில்லாத சட்டம் என்று பெயர் வாங்கியது. அதற்குப் பதிலாக எஸ்.வி.எஸ். ராகவன் குழுவின் பரிந்துரையில் பிறந்தது 2002-ன் போட்டிச் சட்டம். அதன் முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வரவே 2009 மே 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஆணையத்தின் தலைவர் நீதிபதியாக இருக்க வேண்டாமா?’ என்று கேட்டு பிரம்ம தத் என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். சட்டம் உயிர் பெறும் முன்பே எழுந்த முதல் கேள்வி, தீர்ப்பது யார் என்பதுதான்.

விசாரணை அமைப்பே தண்டனையும் தரும்போது, எதிரே நிற்பவருக்கு இரண்டு பாதுகாப்புகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, தன் பக்கத்தைச் சொல்லவும் காரணத்தைக் கேட்கவும் உள்ள உரிமை. மற்றொன்று, தன் வழக்கறிஞரோடு அச்சமின்றித் தனியாகப் பேசும் உரிமை. இத்துறை வழக்கறிஞர் ஒருவரின் முப்பதாண்டுத் தொழிலை விரித்துப் பார்த்தால், இந்த இரண்டைச் சுற்றித்தான் அவருடைய பெரும்பாலான நாட்கள் போயிருக்கும்.

ரெய்டு நாளைப் பாருங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் அதிகாரிகள் வாரண்டோடு வருகிறார்கள். வரவேற்பில் இருப்பவர் மேலாளரைக் கூப்பிடுகிறார், மேலாளர் வழக்கறிஞரைக் கூப்பிடுகிறார். வழக்கறிஞர் முதலில் சொல்வது, ‘எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் தகவல் அனுப்பாதீர்கள்.’ பிறகு வாரண்டை வாட்ஸ்அப்பில் வாங்கி வரிவரியாகப் படிக்கிறார். எந்தப் பொருள், எந்தக் காலம், எந்த இடம்? வாரண்டுக்கு வெளியே உள்ள அலமாரியைத் திறந்தால் ஆட்சேபம் பதிவாக வேண்டும். எடுத்துப் போகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் பட்டியல் வேண்டும். இதைச் செய்யும் ஜூனியர் சட்டத்தை விடவும் பொறுமையைத்தான் அதிகம் பயன்படுத்துவார்.

2006 மே மாதம் மியூனிக்கில் இ.ஆன் என்ற எரிசக்தி நிறுவனத்தில் ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரிகள் சோதனை செய்தார்கள். அன்றைய வேலை முடியாததால் ஆவணங்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, கதவில் பிளாஸ்டிக் சீல் ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சீல் உரிக்கப்பட்டதைக் காட்டும் எழுத்துகள் அதன் மேல் தெரிந்தன. துப்புரவுப் பணியாளர் சின்டோ என்ற திரவத்தால் கதவைத் துடைத்ததால் அப்படி ஆகியிருக்கலாம் என்று நிறுவனம் வாதாடியது. சீலின் வயது, காற்றின் ஈரம், கதவின் அதிர்வு என்று நிபுணர் அறிக்கைகள் குவிந்தன. ஆணையம் ஏற்கவில்லை. அறைக்குள் இருந்த காகிதம் ஏதாவது காணாமல் போனதா என்பதை நிரூபிக்க வேண்டிய தேவைகூட இல்லை. சீல் சேதமானதற்கு மட்டும் 3.8 கோடி யூரோ அபராதம். 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த இரவில் கதவருகே ஒருவரைக் காவலுக்கு நிறுத்தச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். இத்தொழிலில் நல்ல ஆலோசனை பல நேரம் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் போட்டி ஆணையத்தின் முதல் சோதனை 2014 செப்டம்பரில் ஜேசிபி நிறுவனத்தில் நடந்தது. சில நாட்களிலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். எடுத்துப் போன ஆவணங்கள், ஆணையம் தொட முடியாமலே நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 2019 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. வெற்றி என்று எந்தத் தரப்பும் சொல்லிக்கொள்ள முடியாத காலம் அது.

ரெய்டில் மிகக் கடினமான நிமிடம், அதிகாரியின் கையில் வழக்கறிஞரின் கடிதம் அகப்படும்போது வரும். ‘இதை நீங்கள் படிக்கக் கூடாது’ என்று சொல்ல முடியுமா? ஐரோப்பாவில் அதற்கு விதி வகுத்தது 1982 மே மாதத்தின் ஏஎம் அண்ட் எஸ் தீர்ப்பு. பிரிஸ்டலைச் சேர்ந்த துத்தநாக நிறுவனம் ஒன்று தன் வழக்கறிஞர்களின் கடிதங்களைக் காட்ட மறுத்ததில் எழுந்த வழக்கு. தற்காப்புக்காகச் சுதந்திரமான வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்து ரகசியம்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. ‘சுதந்திரமான’ என்ற அந்தச் சொல்லில் ஒரு பெரிய கூட்டமே வெளியே நின்றுவிட்டது. நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் அதில் அடங்குவாரா?

பதில் வர 28 ஆண்டுகள் ஆயின. 2003 பிப்ரவரியில் மான்செஸ்டர் அருகே அக்ஸோ நோபல் நிறுவனத்தின் அலுவலகத்தில் சோதனை நடந்தது. சர்ச்சைக்குரிய சில காகிதங்களை அதிகாரிகள் உறையிலிட்டு சீல் வைத்தார்கள். ஆனால் பொது மேலாளருக்கும் நிறுவனத்தின் உள்வழக்கறிஞருக்கும் இடையே போன இரண்டு மின்னஞ்சல்களை ரகசியமாக மதிக்கத் தேவையில்லை என்று நேராகக் கோப்பில் சேர்த்தார்கள். அந்த உள்வழக்கறிஞர் நெதர்லாந்து வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவர். தொழில் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். 2010 செப்டம்பர் 14 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: சம்பளத்துக்கு வேலை செய்பவர் முதலாளியிடமிருந்து முழுச் சுதந்திரம் பெற்றவர் அல்லர்; ஆகவே ஆணையத்தின் போட்டி விசாரணைகளில் ரகசியம் இல்லை. இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் எண்ணம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு நம் வீட்டு டார்ச்சுக்குள் இருந்த பேட்டரிக்கு வருவோம்.

எவரெடி, நிப்போ, பானசோனிக். மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் இந்த மூன்று பெயர்களைத் தாண்டி பேட்டரி வாங்கியவர்கள் குறைவு. நிப்போவைத் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த இந்தோ நேஷனல் நிறுவனம். மூன்றும் பல ஆண்டுகளாக விலையைக் கூடிப் பேசி ஏற்றி வந்ததைப் போட்டி ஆணையத்திடம் முதலில் போய்ச் சொன்னது பானசோனிக். 2016 ஆகஸ்டில் ஆணையம் மூன்று நிறுவனங்களிலும் சோதனை நடத்தியது. அதன்பிறகு எவரெடியும் நிப்போவும் தாங்களாகவே முன்வந்து ஒப்புக்கொண்டன. 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது பானசோனிக்குக்கு அபராதம் முழுவதும் தள்ளுபடி. எவரெடிக்கு முப்பது விழுக்காடு தள்ளுபடி போக 171.55 கோடி, நிப்போவுக்கு இருபது விழுக்காடு போக 42.26 கோடி.

முதலில் வருபவருக்கு நூறு விழுக்காடு வரை, இரண்டாமவருக்கு ஐம்பது வரை, மூன்றாமவருக்கு முப்பது வரை தள்ளுபடி என்பது இந்திய விதி. விலை உயர்வைப் பற்றிய மின்னஞ்சல் ஒன்றை ஓர் இயக்குநர் கொண்டுவந்து காட்டுகிறார். ‘இது தப்பா சார்?’ என்று கேட்கிறார். ‘தப்புதான், இன்றைக்கே ஆணையத்துக்குப் போங்கள், நாளைக்கு உங்கள் போட்டியாளர் போயிருப்பார்’ என்று சொல்வதுதான் இங்கே சரியான ஆலோசனை. தன் கட்சிக்காரரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் வழக்கறிஞர் அவரைக் கைவிட்டதாக வெளியே பேசுவார்கள். இத்துறையில் அவர் செய்யும் உருப்படியான வேலைகளில் அதுவும் ஒன்று. சங்கக் கூட்டங்களில் ரகசியமாகப் பேசி முடிக்கும் கார்டெல் என்ற விலைக் கூட்டணிகளை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது அரிது. பல, உள்ளே இருந்து ஒருவர் சொல்வதால்தான் உடைகின்றன. 2023 திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தை உலகளாவிய விற்றுமுதலை வைத்துக் கணக்கிட வழி வந்துவிட்டதால், இந்த ஓட்டம் இனி இன்னும் வேகமெடுக்கும்.

வணிகத் தடைச் சட்டத்தில் நிலவரம் வேறு. அங்கே ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லாதவரும் மாட்டிக்கொள்வார். 2001 அக்டோபரில், நியூயார்க் தாக்குதலுக்கு அடுத்த மாதம், சவூதி அரேபிய வணிகர் யாசின் அப்துல்லா காதியின் பெயர் ஐநா பாதுகாப்பு அவையின் பட்டியலில் ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் சில நாட்களிலேயே அவருடைய சொத்துகளை முடக்கியது. என்ன ஆதாரம் என்று அவருக்குச் சொல்லவில்லை. கேட்க ஒரு நாற்காலியும் இல்லை. அவருடைய வழக்கறிஞர்கள் ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கும் லக்சம்பர்க் போனார்கள். 2005-ல் தோற்றார்கள், பாதுகாப்பு அவையின் முடிவை ஐரோப்பிய நீதிமன்றம் சோதிக்க முடியாது என்றார்கள் கீழமர்வு நீதிபதிகள். 2008 செப்டம்பர் 3 அன்று மேலமர்வு அதை மாற்றியது. ஐநாவின் உத்தரவானாலும், ஐரோப்பாவுக்குள் அதை நிறைவேற்றும் சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதே. காரணம் சொல்லாமலும் கேட்காமலும் ஒருவரின் சொத்தை முடக்க முடியாது. ஐரோப்பிய ஆணையம் காரணச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு அவரை மறுபடி பட்டியலில் வைத்தது. 2010-ல் அதுவும் ரத்து. 2012 அக்டோபரில் ஐநாவே பெயரை நீக்கியது. 2013 ஜூலையில் கடைசித் தீர்ப்பும் காதிக்குச் சாதகமாக வந்தபோது, வழக்கின் வயது கிட்டத்தட்ட பன்னிரண்டு.

காதி கோடீஸ்வரர். பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடத்த அவரால் முடிந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில்தான் 2009 டிசம்பரில் ஐநா, பட்டியலில் உள்ளவர்களின் முறையீட்டைக் கேட்க ஒம்புட்ஸ்பர்சன் அலுவலகத்தை ஏற்படுத்தியது. வழக்கு நடத்தக் காசில்லாதவரும் அந்தக் கதவைத் தட்டலாம். பணக்காரரின் வழக்கில் பிறந்த விதி ஏழைக்கும் பயன்படும் என்பது எப்போதும் உண்மையல்ல, இங்கே உண்மையாயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு வழக்கும் இதே பாதையில் வந்தது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தன் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. இயக்கத்தின் சார்பில் வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில் 2014 அக்டோபர் 16 அன்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம், இயக்கத்தைப் பட்டியலில் தொடர்ந்து வைத்த நீட்டிப்பு ஆணைகளை ரத்து செய்தது. செய்தி வந்ததும் ஒரு சாரார் கொண்டாடினார்கள், இன்னொரு சாரார் கொதித்தார்கள். தீர்ப்பைப் படித்தால் இரண்டுக்கும் இடமில்லை. அமைப்பு எப்படிப்பட்டது என்று நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. பட்டியலில் தொடர்ந்து வைக்க ஒன்றியத்தின் அமைச்சரவை எதை ஆதாரமாகக் கொண்டது என்று மட்டும் பார்த்தது. அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்றின் ஆராய்ந்த முடிவுக்குப் பதில் பத்திரிகைச் செய்திகளும் இணையத் தகவல்களும் கோப்பில் இருந்தன. இந்திய அரசின் முடிவைக் காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்டபோது தற்காப்பு உரிமை மதிக்கப்பட்டதா என்று சரிபார்க்கவில்லை. 2017 ஜூலை 26 அன்று மேலமர்வும் ரத்தை உறுதி செய்தது. பின்னர் வேறு ஆணைகள் மீது தொடுத்த வழக்கில் 2021 நவம்பரில் இயக்கத்தின் தரப்பு தோற்றது. ஒரே நீதிமன்றம், ஒரே அமைப்பு, இரண்டு விடைகள். இரண்டு முறையும் கேட்கப்பட்டது கோப்பில் என்ன இருக்கிறது என்பதுதான். இந்தச் சட்டத்தைக் கற்க விரும்பும் தமிழ் மாணவர் அரசியல் விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

இத்தகைய வழக்குகள் ஒருவரின் தொழில் வாழ்வில் ஒன்றோ இரண்டோதான் வரும். மற்ற நாட்களில் தடைச் சட்ட வழக்கறிஞர் எழுதுவது வங்கிகளுக்கான கடிதம். இலங்கை 2012-ல் வாங்கிய எண்ணெய்க்கு ஈரானுக்கு 25.1 கோடி டாலர் கடன்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையை இலங்கை அனுப்பும், கடன் கழியும். டாலர் எந்த வங்கியிலும் நகராது. தேயிலை ஏற்றுமதியாளருக்குக் கொழும்பில் ரூபாயில் பணம் கிடைக்கும். தேயிலை உணவுப்பொருள், தடையிலிருந்து மனிதாபிமான விலக்கு பெற்றது என்பது அதன் சட்ட அடிப்படை. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் கூலிக்கும் வாஷிங்டன் அலுவலகத்தின் ஒரு விதிவிலக்குக்கும் இடையே இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

விலக்கு இருந்தும் ஏன் பண்டமாற்று? வங்கிகளின் அச்சம்தான் பெரிய காரணம். 2014 ஜூன் 30 அன்று பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா தொடர்பான தடைகளை மீறியதாக அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 897 கோடி டாலர் கட்ட இசைந்தது. அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மருந்துக்கும் உணவுக்கும்கூட வங்கிகள் கையை விரிக்கின்றன. ‘இந்தப் பரிவர்த்தனை விலக்கில் அடங்கும்’ என்று வழக்கறிஞர் எழுதித் தரும் கருத்துரைதான் பல நேரம் சரக்குக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே காகிதம்.

அப்படிப்பட்ட கருத்துரைக்கே இப்போது வேலி கட்டுகிறார்கள். 2022 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசுக்கும் ரஷ்யாவில் அமைந்த நிறுவனங்களுக்கும் சட்ட ஆலோசனை தருவதைத் தடை செய்தது. நீதிமன்றத்தில் ஆஜராவது விலக்கு. வழக்கோடு தொடர்பில்லாத ஆலோசனை கூடாது. பிரஸ்ஸல்ஸின் டச்சு மொழி வழக்கறிஞர் மன்றமும் பாரிஸ் மன்றமும் எதிர்த்தன. 2024 அக்டோபர் 2 அன்று பொது நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவதும் அதற்கான ஆலோசனையும்தான் அடிப்படை உரிமையின் கரு, அதற்கு வெளியே உள்ளதைப் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்றது. போர் நடத்தும் அரசுக்கு ஒப்பந்தம் எழுதித் தர வேண்டியதில்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. சட்டத்தை மீறும் முன்பு தரும் ஆலோசனைதான் மீறலைத் தடுக்கிறது. வழக்கு வந்த பிறகு தரும் ஆலோசனை சேதத்தைத்தான் குறைக்கிறது.

இந்தியாவிலும் இதே கேள்வி, வேறு வாசல் வழியாக வந்தது. 2025 ஜூனில், ஒரு காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பங்கு ஒதுக்கீடு தொடர்பாகச் சட்டக் கருத்து எழுதியதற்காகச் சென்னை மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கொந்தளித்தன; சம்மன் திரும்பப் பெறப்பட்டது. தாதர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். தீர்ப்பாயங்களில் அதிகாரிகளின் கை ஓங்கக் கூடாது என்று மெட்ராஸ் பார் அசோசியேஷன் நடத்திய வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர். சங்கத்தின் அன்றைய தலைவர் ஆர். காந்தியின் பெயரில் 2010-ல் வந்த தீர்ப்பு, நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்திலும் அதன் மேல்முறையீட்டு அமைப்பிலும் யார் உறுப்பினராகலாம் என்பதைத் திருத்தி எழுதியது. 2017 முதல் போட்டிச் சட்ட மேல்முறையீடுகளும் அந்த அமைப்புக்கே போகின்றன. சிமெண்ட் வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்ததும் அதுதான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய வழக்கின் பயனை டெல்லியில் வாதாடுபவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

வழக்கறிஞர்களுக்குச் சம்மன் அனுப்புவது பற்றி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தது. கட்சிக்காரரைப் பற்றிய விவரம் கேட்டு வழக்கறிஞருக்கு விருப்பம்போல் சம்மன் அனுப்ப முடியாது. சட்டத்தில் சொன்ன விதிவிலக்குகள் பொருந்த வேண்டும், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் நிறுவனத்தில் சம்பளம் பெறும் உள்வழக்கறிஞருக்கு, நீதிமன்றத்தில் தொழில் செய்யாதவர் என்பதால், வழக்கறிஞருக்குரிய இந்த முழுப் பாதுகாப்பு இல்லை என்றும் அது சொன்னது. அக்ஸோ தீர்ப்பு சென்ற வழியிலேயே நாமும் போயிருக்கிறோம்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போகும் விற்பனை மேலாளரை வாசலிலேயே நிறுத்தி, ‘விலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், எழுந்து வந்ததைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்’ என்று எச்சரிக்கும் இடத்தில் இருப்பவர் உள்வழக்கறிஞர். சுதந்திரமான மூத்த வழக்கறிஞர் காட்சிக்கு வருவது ரெய்டுக்குப் பிறகு. அந்த எச்சரிக்கையை எழுதினால் நாளை அதுவே நிறுவனத்துக்கு எதிரான சாட்சியாகும் என்ற பயம் இருந்தால் அவர் எழுத மாட்டார். வாயால் சொல்லிவிட்டு நகர்வார், அல்லது சொல்லவே மாட்டார். இழப்பு சிமெண்ட் வாங்குபவருக்கும் பேட்டரி வாங்குபவருக்கும்தான். அந்த ரகசியத்தைக் குற்றத்தை மறைக்கப் பயன்படுத்துவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்கான விதிவிலக்கு சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது: சட்டவிரோதமான நோக்கத்துக்காக நடந்த பேச்சுக்கு எந்த வழக்கறிஞருக்கும் பாதுகாப்பு கிடையாது. உள்வழக்கறிஞருக்கும் அதே வரம்போடு அதே பாதுகாப்பைக் கொடுப்பதில் என்ன தடை?

சிமெண்ட் வழக்குக்கும் இதே அளவுகோல்தான். 2019 ஏப்ரலில் மஹிந்திரா எலக்ட்ரிக் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், இறுதி வாதத்தைக் கேட்ட உறுப்பினர்களே முடிவை எழுத வேண்டும் என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது. 2012-ல் அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்திருந்தால் மூன்றரை ஆண்டுகளும் மறு விசாரணையும் மிச்சமாகியிருக்கும். தாமதத்துக்குப் பொறுப்பு, குறையைச் சுட்டிக்காட்டிய வழக்கறிஞர் அல்லர், கேட்காமல் கையெழுத்திட்ட அமைப்பு. நடைமுறையை மதிப்பது குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கும் ஆணையங்கள் தங்கள் தீர்ப்பைத் தாங்களே பலவீனப்படுத்துகின்றன.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது இரண்டு. இறுதி வாதத்தைக் கேட்டவர்களே தீர்க்க வேண்டும் என்பதை ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தயவில் விடாமல், போட்டிச் சட்டத்திலும் மற்ற ஒழுங்குமுறைச் சட்டங்களிலும் பிரிவாகவே எழுத வேண்டும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-வது பிரிவில், மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்ற சட்டப் பட்டதாரி நிறுவனத்தில் பணிபுரிந்தாலும், அவர் தரும் சட்ட ஆலோசனைக்குப் பாதுகாப்பு உண்டு என்று சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் பதிவை நிறுத்திவைக்கச் சொல்லும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதியையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். வழக்கறிஞர் சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுக்கட்டும். 2010-ல் சென்னை கொடுத்தது.